நாலு ஸ்ட்ரட்டும் ஒரு சகலையும்

அத்தியாயம் 6

அந்தச் சமையலறை மேஜையைப் பார்த்ததும் கடுகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரித்திருந்த வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பு. மேஜை விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையிலும் சிவப்பு. நடுவில், தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக, காலைவரை அழகாக இருந்த ஒன்று உருக்குலைந்து கிடந்தது.

"சார், எத்தனையோ கேஸ் பார்த்துட்டோம். இவ்வளவு கோரமா ஒண்ணைப் பார்த்ததில்ல" என்றவள், குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். "ஆனா ருசி அபாரம்."

"கையை எடு" என்றார் நிதானம்.

நிதானம் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். துப்பறிவதுதான் தொழில் என்றாலும், யாரையும் துரத்திக்கொண்டு ஓடி ஒருவரும் பார்த்ததில்லை. கண்ணெதிரே பஸ் கிளம்பினால்கூட ஓட மாட்டார். அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்பார். அவருக்கு நேர் எதிர், உதவியாளராக வந்து சேர்ந்த கடுகு. ஆள் குள்ளம். வாய் மட்டும் சூடான எண்ணெயில் விழுந்தது போல எந்நேரமும் வெடித்துக்கொண்டிருக்கும்.

செத்துக் கிடந்தது ஒரு கேக். சிவப்பு க்ரீம் பூசிய இரண்டு அடுக்குக் கல்யாண கேக். அதைச் சுட்ட அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மின் அடுப்பின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே அடுத்த கேக் வெந்துகொண்டிருந்தது.

"மூணாவது கேக் சார் இது. வேகத்தடை ஏறி இறங்கினா போதும், கார் தொட்டில் மாதிரி ஆடுது. 'சாயங்காலத்துக்குள்ள வேற சுட்டுத் தர்றேன்'னு ஹோட்டல்காரங்ககிட்டக் கெஞ்சிட்டு வந்திருக்கேன்."

"காருக்கு வயசு என்னம்மா?"

"அதுக்கு ஓட்டுப் போடுற வயசே வந்தாச்சு. சேதி அதில்ல சார். போன மாசம்தான் நாலு ஸ்ட்ரட்டும் புதுசா மாத்தினோம்."

ஸ்ட்ரட் என்றால் வேறொன்றுமில்லை. சக்கரத்துக்கு ஒன்றாக நின்று, சாலையின் குலுக்கலையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொள்கிற தடித்த இரும்புக் குழாய். நாளானால் உள்ளே இருக்கும் எண்ணெய் கசிந்து, தேய்ந்த முழங்கால் மாதிரி ஆகிவிடும். பழைய காருக்கு நாலும் மாற்றுவதென்றால், அந்தக் காரை விற்றால் வருகிற காசில் பாதி போய்விடும்.

"மாத்தினது யாரு?" என்று கேட்டார் நிதானம்.

கேக் அம்மாளின் குரல் இறங்கியது. "என் தங்கச்சி வீட்டுக்காரர்தான் சார். சொந்தமா மெக்கானிக் ஷெட் வச்சிருக்கார். பழசுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சுப் புதுசுன்னு மாட்டிடுவாங்கன்னு பக்கத்து வீட்டுல ஒரு பேச்சு சொன்னாங்க. எனக்கு மனசு தாங்கல. தங்கச்சிக்கு ஃபோன் போட்டு, 'உன் புருஷன் அப்படிப் பண்ணிட்டாரா'ன்னு கேட்டுட்டேன். அன்னிக்கு வச்ச ஃபோன்தான். இன்னும் எடுக்க மாட்டேங்கிறா."

"நீங்க அவசரப்பட்டுட்டீங்க" என்றார் நிதானம்.

"பட்டுட்டேன். கேக் போனா இன்னொண்ணு சுடுவேன். கூடப் பொறந்தவளை எந்த அடுப்புல வச்சு எடுக்கிறது? நீங்க உண்மையைச் சொல்லுங்க சார். அவர் ஏமாத்தியிருந்தா அந்த வாசலை மிதிக்க மாட்டேன். ஏமாத்தலைன்னா நானே போய் அவ கால்ல விழறேன். நடுவுல தொங்கிக்கிட்டு என்னால மாவு பிசைய முடியல."

கடுகு அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அப்போதுதான் கேக் அம்மாளின் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். பேரம் கிடையாது என்று பெரிய பலகை தொங்குகிற துணிக்கடையில் விற்பனையாளர். நாள் முழுக்க ஒரே விலை சொல்லிச் சொல்லி நாக்கு செத்த மனிதர், அந்தப் பசியையெல்லாம் வெளியே வந்து தீர்த்துக்கொள்வார். நாற்பது சொன்னால் இருபது, இருபது சொன்னால் பத்து. அவருடைய பேரத் திறமை அந்தத் தெரு முழுக்கப் பிரசித்தம். பிரசித்தப்படுத்தியதும் அவரேதான்.

"துப்பறிய ஆள் எதுக்குடி? ரோடு சரியில்ல. க்ரீம் இளகிப்போச்சு. வெயில் வேற" என்று அடுக்கினார். பிறகு நிதானத்தைப் பார்த்து, "சார், உங்க கூலி எவ்வளவு?"

நிதானம் சொன்னார்.

"அநியாயம். பாதி வாங்கிக்குங்க."

"சரி" என்றார் நிதானம்.

தன் சம்பளத்தில் பாதி ஜன்னல் வழியாகப் பறந்து போவதைக் கடுகு கண்ணால் பார்த்தாள். ஆனால் ஜெயித்த வீட்டுக்காரர் முகத்தில்தான் சிரிப்பே இல்லை. ஒரு மாதிரி விழித்துவிட்டு, "அந்த விலைக்கு... முழு வேலையும் செஞ்சிடுவீங்கல்ல?" என்று கேட்டார்.

"செய்வோம். காரைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"காரா? இதோ, பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்" என்றார் வீட்டுக்காரர். சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"சார், மழை பெஞ்சாலும் மாடியில காயுற துணியை எடுக்க எழுந்திருக்க மாட்டாரு, இன்னிக்கு என்ன வேகம்!" என்று அதிசயப்பட்டாள் கேக் அம்மாள்.

நிதானம் சமையலறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். அலமாரியின் ஒரு தட்டு முழுக்க வீட்டுக்காரர் சேமித்து வைத்த சாமான்கள். கழுவிக் காய வைத்த பால் கவர்கள். பந்தாகச் சுற்றிய சணல் கயிறு. வளைந்த ஆணிகளைத் தட்டி நேராக்கி ஒரு டப்பா நிறைய.

"கழட்டின பழைய ஸ்ட்ரட் எங்கேம்மா?"

"அதையெல்லாம் ஷெட்டுலயே தூக்கிப் போடச் சொல்லிட்டேன்னாரு."

"ஓ" என்றார் நிதானம். அந்த 'ஓ'வைக் கடுகுக்குத் தெரியும். மீன் தூண்டிலைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

மெக்கானிக் ஷெட்டில் ஒரு காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"கால்களா, வணக்கம்" என்றாள் கடுகு. "உங்க முதலாளி எங்கே?"

கால்கள் வெளியே சறுக்கி வந்தன. முகத்தில் கிரீஸோடு மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் அந்த முகம் இன்னும் கறுத்தது. மாடியில்தான் வீடு. ஜன்னல் திரை ஒரு விரல் அளவு விலகி, படாரென்று மூடிக்கொண்டதைக் கடுகு பார்த்தாள். தங்கச்சி.

"ஸ்ட்ரட் மாத்த ஏன் இவ்வளவு செலவாகுது?" என்று கேட்டார் நிதானம்.

தொழில் பேச்சு என்றதும் மனிதர் கொஞ்சம் இளகினார். "பழைய மாடல் சார். சாமானே கிடைக்காது, நாலு கடை ஏறி இறங்கணும். குழாயை மட்டும் மாத்திட்டா ஆச்சா? மேல ரப்பர், பேரிங், எல்லாம் தேஞ்சிருக்கும். துருப்பிடிச்ச போல்ட்டு ஒண்ணைக் கழட்டவே அரை நாள். அப்புறம் சக்கரத்தை நேர்கோட்டுல நிறுத்தணும்."

"நீங்க கூலி எவ்வளவு வாங்கினீங்க?"

"சகலைகிட்ட யாராவது கூலி வாங்குவாங்களா? அக்கா கையால எத்தனை கேக் சாப்பிட்டிருக்கேன்."

"கழட்டின பழசு?"

"பழசை வண்டிக்காரங்க கையிலயே கொடுத்துடறது எங்க தொழில் வழக்கம் சார். மாத்தினதுக்கு அதானே சாட்சி. அண்ணன் கையிலயே கொடுத்துட்டேன்."

"எத்தனை கொடுத்தீங்க?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார். "அதை அவரையே கேளுங்க சார்."

"உங்க மேல பழி வந்திருக்கு. நீங்கதான் சொல்லணும்."

"வந்துட்டுப் போகட்டும். மூத்த சகலைக்கு ஒரு வாக்குக் கொடுத்துட்டேன். இதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டாலும் நான் காருக்கு அடியில போயிடுவேன்."

சொன்னபடியே போய்விட்டார். மறுபடியும் இரண்டு கால்கள்தான் மிச்சம்.

தெருவுக்கு வந்ததும் கடுகு பொரிந்தாள். "முழியைப் பார்த்தீங்களா சார்? சந்தேகமே இல்ல, இந்த ஆள்தான். எண்ணிக்கை கேட்டதும் எப்படிப் பம்மினாரு! பாவம் கேக்கம்மா."

"பம்மினார், சரிதான். ஆனா பழசைக் கொடுத்துட்டேன்னு இவர் சொல்றார். தூக்கிப் போடச் சொல்லிட்டேன்னு அவர் சொல்றார். வளைஞ்ச ஆணியையே நேராக்கி வைக்கிற மனுஷன், கிலோ கணக்குல இரும்பைத் தூக்கிப் போடச் சொல்லுவாரா?"

கடுகு அப்படியே நின்றாள். "வித்திருப்பார்!"

"அந்த வீட்டுக்குப் பக்கத்துல பழைய இரும்புக் கடை எங்கே இருக்குன்னு பாரு. நடந்தே போற தூரத்துல. ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிற ஆள் இல்ல அவர்."

கடை அடுத்த தெரு முனையிலேயே இருந்தது. துருப்பிடித்த சைக்கிள்களுக்கும் ஓட்டை வாளிகளுக்கும் நடுவில், தராசுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். கடுகு அடையாளம் சொல்லத் தொடங்கியதுமே அவள் விசிறி நின்றது.

"துணிக்கடைக்காரரா! அந்த மனுஷனை மறக்க முடியுமா? ரெண்டு குழாயைக் கொண்டு வந்து நாலு குழாய் விலை கேட்டாரும்மா. காலையில ஆரம்பிச்சவரு. எனக்குப் பசி வந்து, மயக்கமும் வந்து, கடைசியில அவர் கேட்டதைக் கொடுத்து அனுப்பினேன்."

"ரெண்டா, நாலா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் நிதானம்.

"யோசிக்க என்ன இருக்கு? அந்தா கிடக்கு பாருங்க. அந்த விலைக்கு வாங்கினதை யாருக்கு விக்கிறதுன்னு தெரியாம நானே தினம் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மூலையில் எண்ணெய் கசிந்து அழுக்கேறிய இரண்டு ஸ்ட்ரட்டுகள் சுவரில் சாய்ந்து நின்றன. இரண்டே இரண்டு.

"மிச்சம் ரெண்டை வேற கடையில போட்டிருப்பாரோ?" என்று கிசுகிசுத்தாள் கடுகு.

"ரெண்டுக்கு நாலு விலை கேட்கிறவர் கையில நாலு இருந்திருந்தா எட்டு விலை கேட்டிருப்பார். இந்தம்மா உயிரோட இருக்காங்களே, அதிலேயே தெரியல, நாலு இல்லைன்னு?"

இரும்புக்கடை அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது பெட்ரோல் போடப் போன காரும் வாசலுக்கு வந்திருந்தது. வீட்டுக்காரர் அதன் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு, ஃபோட்டோவுக்கு நிற்பவர் போல நின்றார். கேக் அம்மாள் கையில் க்ரீம் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"கடுகு, முன்பக்கத்தைப் பலமா அழுத்தி விடு" என்றார் நிதானம்.

கடுகு முன்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றி, இருக்கிற எடையையெல்லாம் போட்டு அழுத்திவிட்டு விலகினாள். கார் ஒரு தடவை எழுந்தது; அப்படியே நின்றுவிட்டது. நல்ல பிள்ளை.

"இப்போ பின்பக்கம். சார், கொஞ்சம் நகருங்க."

வீட்டுக்காரர் நகரவில்லை. "ஏங்க, நகருங்களேன்" என்றாள் மனைவி. நகர்ந்தார். கடுகு டிக்கியின் மேல் ஒரு அழுத்து அழுத்தினாள். கார் எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது, தாழ்ந்தது. தாலாட்டு முடிகிறவரை எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இதுல டிக்கெட் போட்டு ஆளை ஏத்தலாம்" என்றாள் கடுகு.

"முன்னால ரெண்டும் புதுசு" என்றார் நிதானம். "பின்னால ரெண்டும் காரோட கூடப் பொறந்தது. உங்க தங்கச்சி வீட்டுக்காரர் பெயிண்ட் எதுவும் அடிக்கலம்மா. அவர் மாத்தினதே ரெண்டுதான்."

"அப்போ நாலுன்னு ஏமாத்தியிருக்காரே!" கேக் அம்மாளின் கண் கலங்கியது.

"நாலுன்னு அவர் சொல்லவே இல்ல. நாலுன்னு உங்ககிட்டச் சொன்னது யாரு?"

கரண்டியிலிருந்து க்ரீம் ஒரு சொட்டு விழுந்தது. கேக் அம்மாள் மெல்லத் திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

நிதானம் அவசரமே இல்லாமல் தொடர்ந்தார். "காலையில என் கூலியைப் பாதியாக் குறைச்சீங்க. நான் உடனே சரின்னேன். பேரத்துல ஜெயிச்சவர் சந்தோஷப்படணும். நீங்க பயந்தீங்க. 'அந்த விலைக்கு முழு வேலையும் செஞ்சிடுவீங்கல்ல'ன்னு கேட்டீங்க. பாதி விலைக்குப் பாதி வேலையை எங்கேயோ ஒரு தடவை வாங்கினவர்தான் சார் அப்படிக் கேட்பார்."

வீட்டுக்காரர் காரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பேரம் பேச அங்கே யாரும் இல்லை.

"நாலுக்கு அவன் ஒரு விலை சொன்னான்" என்று ஆரம்பித்தார். "பாதியில நின்னேன். சின்னச் சகலை, எதிர்த்துப் பேச மாட்டான். தலையை ஆட்டிட்டான். நான் வர்ற வழியிலேயே நாலு பேர்கிட்டச் சொல்லிட்டேன், நாலு ஸ்ட்ரட்டு பாதி விலைக்குன்னு. சாயங்காலம் போனா, 'அண்ணே, அந்தக் காசுக்குச் சாமான் ரெண்டுதான் வருது, முன்னாடி மாட்டிட்டேன், பின்னாடி ரெண்டை அடுத்த மாசம் பார்த்துக்கலாம், அக்காகிட்டச் சொல்லிடுங்க'ங்கிறான். தெரு முழுக்கச் சொன்னதுக்கு அப்புறம் எப்படிடி சொல்றது? 'நான் சொல்லிக்கிறேன், நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே'ன்னு வாக்கு வாங்கிட்டேன்."

"அவரு பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லலையா?"

"வாக்குன்னா வாக்குன்னுட்டான்."

"நான் தங்கச்சியைத் திட்டினப்போ நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"...உக்காந்திருந்தேன்."

"பேப்பர் படிச்சுக்கிட்டு."

"படிக்கல. சும்மா முன்னாடி பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

கேக் அம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். புருஷன்மார்களே, அப்படிப்பட்ட நேரத்தில் மனைவி கத்தினால் சமாதானத்துக்கு வழி இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனால்தான் உஷாராக வேண்டும். வீட்டுக்காரர் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

அவள் வெளியே வந்தபோது கையில், திறந்த பெட்டியில் புது கேக். இரண்டு அடுக்கு, உச்சியில் சர்க்கரையில் செய்த சின்னப் பூ. வழக்கமாகப் பின்பக்கம் வைப்பவள், முன்கதவைத் திறந்தாள். பக்கத்து சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினாள். காலடியில் சமமான இடத்தில் பெட்டியை இறக்கி, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தாள்.

"புது ஸ்ட்ரட்டு முன்னாடின்னா கேக்கும் முன்னாடிதான். இத்தனை நாள் இது தெரியாம மூணைக் கொன்னுட்டேன்" என்றாள். "அது என் இடமாச்சே!" என்றார் வீட்டுக்காரர். அவள் பின்கதவைக் காட்டினாள். அவர் ஏறிக்கொண்டார்.

"கேக் இறக்குற வரைக்கும் கேஸ் முடியலை" என்று சொல்லிக்கொண்டே கடுகும் அவர் பக்கத்தில் ஏறினாள். நிதானம் நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

ஹோட்டலுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். கேக் அம்மாள் வலப்பக்கம் திருப்பினாள். ஷெட் வாசலில் நிறுத்தி, ஹாரனை ஒரே அமுக்காக அமுக்கினாள்.

தங்கச்சி படியிறங்கி வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசிப் படியிலேயே நின்றாள். அக்கா காரைவிட்டு இறங்கி நேராகப் போய், சொன்னது சொன்னபடி குனிந்தாள்.

"ஏய், என்னக்கா பண்றே!" தங்கச்சி பதறிப் பின்னால் நகர்ந்து, அக்காவின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "தெருவுல வச்சு... கையெல்லாம் க்ரீம் வேற!"

"உன் புருஷன் மேல தப்பில்லடி. தப்பு முழுக்கப் பின் சீட்டுல உக்காந்திருக்கு."

வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "நான்தாம்மா. ரெண்டைப் போட்டுட்டு நாலுன்னு சொன்னது நான். அவன் வாயைக் கட்டினதும் நான்தான்" என்றார். கேட்கவே கஷ்டமாக இருந்தாலும் முழுசாகச் சொன்னார்.

தங்கச்சி மெதுவாகத் திரும்பி ஷெட்டுக்குள் பார்த்தாள். காரின் அடியிலிருந்து நீண்டிருந்த இரண்டு கால்கள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

"என்கிட்டக்கூடச் சொல்லலையே!" என்று அந்தக் கால்களைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "இப்போ எங்கே போறே?"

"ஹோட்டலுக்கு. கேக்கை இறக்க ரெண்டு கை பத்தாது. வர்றியா?"

வந்தாள். பின் சீட்டில் கடுகை நடுவில் நெருக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பெரிய வேகத்தடை வந்தது. முன்பக்கம் பூப்போல ஏறி இறங்கியது. பின்பக்கம் எகிறியது. மூவரும் ஒன்றாக மேலே போனார்கள்; வீட்டுக்காரர் தலை கூரையில் டொம்மென்று இடித்தது; கீழே வந்து, மறுபடி மேலே போனார்கள்.

"மாமா" என்றாள் தங்கச்சி, மூச்சு வாங்கிக்கொண்டே, "பாதி விலைக்கு இவ்வளவு ஆட்டமா? லாபம்தான்!"

முதலில் கடுகு வெடித்தாள். அப்புறம் தங்கச்சி. கடைசியில் தலையைத் தடவிக்கொண்டிருந்த வீட்டுக்காரரும். முன்னால், சர்க்கரைப் பூ இம்மிகூட அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆனால் கேக் அம்மாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதைக் கடுகு கவனித்தாள். அவள் கண் முழுக்க மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் இருந்தது. அதில் தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.